பைப் கடையில் கல்பனா

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். புருஷோத்தமனின் புளுகு ஒரு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது. அந்த வகையில் அவன் கெட்டிக்காரன்தான். இன்று வியாழக்கிழமை, அந்தப் புளுகுக்குச் சோதனை.

நடந்ததை ஒரு நடை திரும்பிப் பார்த்துவிடுவோம். கலசப்பாக்கம் கடைத்தெருவில் மோட்டாரும் பைப்பும் விற்கிறவன் புருஷோத்தமன். வீடு, மலையைப் பார்த்துப் போகிற பாதையில், வண்டியில் பத்து நிமிஷத் தூரம். அப்பா ராஜாக்கண்ணு போன வருஷம் பங்குனியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்ட கழனியிலேயே விழுந்தார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. புருஷோத்தமனும் மனைவி ஆனந்தியும் சேர்ந்து நின்றால்தான் கடை ஓடும். அதனால் வேலூரில் ஒரு ஏஜென்சியில் சொல்லி வீட்டுக்கு ஆள் வைத்தார்கள். வந்தவள் கல்பனா, ஜவ்வாது மலை மேலே புதூர்நாட்டுப் பக்கத்துப் பெண்.

மாதம் பிறந்தால் ஏஜென்சி பில் வரும். அடியில் பதினெட்டு சதவீதம் ஜி.எஸ்.டி. இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் புருஷோத்தமனுக்கு வயிறு எரியும். டயப்பருக்கு வரி, முதுகில் புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை வாங்கினால் அதற்கு வரி, கடைசியில் அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்கிற கைக்கும் வரி. நான் என்ன அப்பாவை வைத்து வியாபாரமா செய்கிறேன் என்று ஆனந்தியிடம் புலம்புவான். புலம்பினவன் அதையே செய்தான்.

கடைக்காக வாங்குவதில் கட்டிய வரியை, விற்கும்போது அரசாங்கத்துக்குக் கட்டவேண்டியதில் கழித்துக்கொள்ளலாம் என்பது வியாபாரிகளுக்கெல்லாம் தெரிந்த சங்கதி. புருஷோத்தமன் ஏஜென்சியில் பேசி பில்லைக் கடை பேருக்கு மாற்றிக்கொண்டான். கடைக்கு ஆள் அனுப்பிய வகையில் என்று போட்டுக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அரசாங்கத்தைப் பொறுத்தவரை கல்பனா பைப் கடையில் வேலை செய்கிறாள். ராஜாக்கண்ணு என்று ஒரு நோயாளியே கிடையாது.

திங்கட்கிழமை வரி ஆபீசிலிருந்து போன் வந்ததையும், அதிகாரி வியாழக்கிழமை நேரில் வந்து கடையையும் ஆட்களையும் பார்ப்பார் என்று சொன்னதையும், புருஷோத்தமன் அன்று சோற்றில் கை வைக்காமல் எழுந்ததையும் போன வாரம் பார்த்தோம். கடைக்குக் கணக்கு எழுதும் கோபால்சாமி ஒரே ஒரு வழிதான் சொன்னார். அந்தப் பெண்ணை அன்றைக்கு ஒரு நாள் கடையில் உட்கார வைத்துவிடச் சொன்னார்.

சரி, அன்றைக்கு ராஜாக்கண்ணுவை யார் பார்ப்பது? அதற்காகத்தான் கண்ணமங்கலத்திலிருந்து தங்கை இளவரசி முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறாள்.

இளவரசியை நாம் முந்தைய வாரங்களில் கொஞ்சம் கடுமையாகவே பேசியிருக்கிறோம். அப்பாவை ஏதாவது ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று ஆடி மாதத்தில் சொன்னவள் அவள். அண்ணன் கத்த, அவள் கத்த, பேச்சு வார்த்தை அதோடு நின்றது. ஆனால் அண்ணன் கூப்பிட்டதும் ஒரு கேள்வி கேட்காமல் வந்துவிட்டாள். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

கல்பனா அவளைக் கட்டிலருகே அழைத்துப் போய் ஒவ்வொன்றாகக் காட்டினாள். சாமைக் கஞ்சியைக் களி மாதிரி கெட்டியாகக் காய்ச்சி மூடி வைத்திருந்தாள். தலையணைகளை அண்டக் கொடுத்து நன்றாக நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், இடது கடைவாயில் அரைக் கரண்டி விட வேண்டும், அது உள்ளே இறங்கியது தெரிந்த பிறகுதான் அடுத்தது. தண்ணீரும் கஞ்சியில் கலந்துதான் கொடுக்க வேண்டும்.

“தண்ணிகூடவா தனியா குடுக்கக் கூடாது?” என்றாள் இளவரசி.

“அதுதாங்க்கா முக்கியம். தண்ணியா எதுவும் குடுத்துடாதீங்க. பொறை ஏறிடும்.”

இளவரசி தலையை ஆட்டினாள். மனதுக்குள் வேறு எண்ணம் ஓடியது. புரை ஏறுவது யாருக்குத்தான் இல்லை? தண்ணீர் குடித்தால் துணி நனையும், நனைந்தால் மாற்ற வேண்டும், அதற்குச் சோம்பல்பட்டுத்தான் இவள் ஒரு மனுஷனை நாக்கு வறளப் போட்டிருக்கிறாள் என்று நினைத்தாள். கூலிக்கு வந்தவள் வேறு எப்படி இருப்பாள் என்றும் நினைத்தாள். வாய் விட்டுச் சொல்லவில்லை.

கல்பனாவுக்குப் போகவே மனமில்லை. ஆனந்தி கொடுத்த காட்டன் புடவையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றவள், அங்கே யாராவது ஏதாவது கேட்டால் தனக்குப் பொய் சொல்ல வராது என்றாள். நீ வாயே திறக்க வேண்டாம், சும்மா உட்கார்ந்திரு, மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று புருஷோத்தமன் தைரியம் சொன்னான். அவனுக்கே அது இல்லை.

அவன் பயம் பணத்துக்காக மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். மாட்டிக்கொண்டால் இதுவரை கழித்ததையெல்லாம் வட்டியோடு கட்ட வேண்டும். அப்புறம் ஏஜென்சிக்குக் கொடுக்கக் கையில் எதுவும் இருக்காது. கல்பனா போய்விட்டால் அப்பாவை ஏதோ ஓர் இல்லத்தில்தான் கொண்டுபோய்ப் படுக்க வைக்க வேண்டும். அவன் பயந்தது அதற்குத்தான்.

கடையில் கல்பனாவை பில் மிஷினுக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். சுற்றிலும் பைப் கட்டுகள், ஒட்டுகிற பசையின் காரமான வாடை. மலையிலிருந்து வந்த ஒரு விவசாயி கிணற்று மோட்டாருக்கு ஃபுட்வால்வு கேட்டார். அவள் எழுந்து நின்று இரு கையையும் கட்டிக்கொண்டாள். ஆனந்தி ஓடி வந்து எடுத்துக் கொடுத்தாள். அதிகாரி முன்னால் இப்படி எழுந்து நிற்காதே, முதலாளி வீட்டுக்கு வந்தவள் போல இருக்கிறது என்று ஆனந்தி காதோரம் சொன்னாள். கல்பனா உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜாக்கண்ணுவைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டிய நேரம் அது.

காலையில் வரவேண்டிய அதிகாரி உச்சிப்பொழுது தாண்டித்தான் வந்தார். வசந்தி என்று பெயர், நாற்பது வயதுக்காரர். தோளில் கனமான பையோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். அவரைப் பார்த்ததும் புருஷோத்தமன் தன் போனை அணைத்து மேஜைக்குள் போட்டுப் பூட்டினான். பெரிய மனுஷர்கள் வந்தால் போன் அடிக்கக் கூடாது என்பது அவன் மரியாதை. பில்களை எடுத்து வைத்தான், சோடா வாங்கி வரச் சொன்னான், வேண்டாம் என்றதும் மின்விசிறியைத் திருப்பி வைத்தான்.

அதே நேரம் வீட்டில் ராஜாக்கண்ணு இடது கையால் தொண்டையைத் தடவிக் காட்டினார். தாகம். மகளுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு காலத்தில் கழனியிலிருந்து வந்ததும் செம்பு நிறைய மோர் வாங்கி ஒரே மூச்சில் குடிக்கிற ஆள் அவர். இளவரசி சமையலறைக்குப் போனாள். தயிரை நன்றாகச் சிலுப்பி, நீர் விட்டு, உப்பும் கறிவேப்பிலையும் போட்டு ஒரு டம்ளரில் கொண்டுவந்தாள். தலைக்கு ஒரு தலையணை மட்டும் உயர்த்தி வாயில் வைத்தாள். முதல் மடக்கு இறங்கியது. அப்பா கண்ணை மூடி ரசித்ததைப் பார்த்து அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டாவது மடக்கையும் கொடுத்தாள்.

அது மூச்சுக்குழலில் போய்விட்டது. ஒரு தரம் இருமினார், அப்புறம் இருமலும் வரவில்லை. கண் பிதுங்கி, உதடு கருக்க ஆரம்பித்தது. இளவரசி அண்ணனுக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. உடனே கல்பனாவுக்குப் போட்டாள்.

கடையில் அப்போதுதான் வசந்தி ஒரு பில்லில் விரல் வைத்து, இதில் இருக்கிற கல்பனா யார் என்று கேட்டிருந்தார். கல்பனா எழுந்து நின்றாள். எவ்வளவு நாளாக இங்கே வேலை என்றதற்கு, போன வருஷத்திலிருந்து என்றாள். அது வரைக்கும் உண்மை. என்ன வேலை என்று அடுத்த கேள்வி வந்தது. கல்பனா ஆனந்தியைப் பார்த்தாள்.

அவள் இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. வேண்டாம் என்று புருஷோத்தமன் கண்ணால் சொன்னான். நின்றது. மறுபடி அதிர்ந்தது. கல்பனா போனைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அதில் வந்த பெயரை அவனுக்குத் தெரிகிற மாதிரி திருப்பிக் காட்டினாள். இளவரசி.

புருஷோத்தமனின் புத்தி எத்தனையோ கணக்குப் போடும். அந்த நேரத்தில் ஒன்றும் போடவில்லை.

“எடு கல்பனா,” என்றான். “நீ இன்னா வேலைக்கு வந்தியோ அந்த வேலையப் பாரு.”

அவள் எடுத்தாள். மோர் கொடுத்தேன், மூச்சே விடவில்லை என்று அந்தப் பக்கம் அழுதது கடை முழுக்கக் கேட்டது.

“அக்கா, அழுவாதீங்க. நான் சொல்றத மட்டும் கேளுங்க. போன ஸ்பீக்கர்ல போட்டு மெத்தை மேல வைங்க. ரெண்டு கையும் குடுத்து அப்பாவத் தூக்கி உக்கார வைங்க. முன்னால சாய்ச்சிப் புடிங்க, உங்க தோள் மேல சாயட்டும். வாய்ல இருக்கறத வெரல்ல வழிச்சி வுடுங்க. இப்போ ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல தட்டுங்க. பலமா. இன்னும் பலமா தட்டுங்க்கா, ஒண்ணும் ஆவாது.”

வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் பைப்பைக் கையில் வைத்தபடியே நின்றார்கள். வசந்தியின் பேனா பில் மேல் அப்படியே இருந்தது. ஆனந்தி சாமி படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு போனுக்குள்ளிருந்து ஒரு பெரிய இருமல் வந்தது, அதன் பின்னால் இன்னொன்று.

“இருமறாரா? இருமட்டும் வுடுங்க. அதான் நல்லது. சாய்ச்சே வச்சிருங்க, படுக்க வைக்காதீங்க. நான் வர்றேன்,” என்றாள் கல்பனா.

அதற்குள் புருஷோத்தமன் வண்டியைக் கிளப்பியிருந்தான். அதிகாரியிடம் போய்ட்டு வர்றேன் என்றுகூடச் சொல்லவில்லை.

அவனும் கல்பனாவும் வீட்டுக்குப் போனபோது ராஜாக்கண்ணு மகளின் தோளில் சாய்ந்திருந்தார். அவள் முதுகெல்லாம் மோர். அவரை எடுத்துவிட்டால் எங்கே மறுபடி மூச்சு நின்றுவிடுமோ என்று இளவரசி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கல்பனா உதட்டைப் பார்த்தாள், நகங்களைப் பார்த்தாள், நெஞ்சில் காது வைத்துக் கேட்டாள். ஆஸ்பத்திரி டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மோர் நுரையீரலுக்குப் போயிருந்தால் காய்ச்சல் வரும், இரண்டு நாள் கவனமாகப் பாருங்கள் என்று சொல்லிப் போனார்.

டாக்டர் போனதும் இளவரசி கல்பனாவின் எதிரில் வந்து நின்றாள்.

“நீ சோம்பல்பட்டுதான் தண்ணி குடுக்கலன்னு நெனச்சேன். எங்க நைனாவ நானே கொன்னுட்டிருப்பேன்.”

“எல்லா வூட்லயும் அப்படித்தாங்க்கா நெனைப்பாங்க,” என்றாள் கல்பனா. அதில் கோபம் இல்லை. ஈரப் புடவையை மாற்றிக்கொண்டு வரச் சொன்னாள்.

புருஷோத்தமன் கடைக்குத் திரும்பினான். அதிகாரி போயிருப்பார், நோட்டீஸ்தான் வரும் என்று நினைத்துக்கொண்டே வந்தான். வசந்தி அங்கேயேதான் இருந்தார். இடையில் யாருக்கோ போன் செய்து பேசினார் என்று ஆனந்தி சொன்னாள். அவனைப் பார்த்ததும் அதிகாரி முதலில் கேட்டது, அப்பா எப்படி இருக்கிறார் என்றுதான்.

நன்றாக இருக்கிறார் என்றான். பிறகு கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னான். பில் மாறிய கதை, கழித்த கதை, இன்று கல்பனாவைக் கொண்டுவந்து உட்கார வைத்த கதை. கோபால்சாமியின் பெயரை மட்டும் விட்டுவிட்டான். அந்த அளவுக்கு நல்லவன்.

“தப்புதாங்க மேடம். ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்தப் பொண்ணு எங்கப்பாவப் பாத்துக்கலன்னா நான் இந்தக் கடையத் தொறக்க முடியாது. கடை தொறக்கலன்னா உங்களுக்கு வரியும் வராது. அப்போ அது கடை வேலை இல்லாம இன்னாங்க?”

இந்தக் கேள்விக்கு எந்தச் சுற்றறிக்கையிலும் பதில் இல்லை என்பது வசந்திக்குத் தெரியும்.

“நீங்க கேக்கறது நியாயம்தான் சார். சட்டத்துல அதுக்கு இடம் இல்ல. கடையில உக்காந்தா கழிக்கலாம், கட்டில் பக்கத்துல உக்காந்தா கழிக்க முடியாது. நான் அதைத்தான் எழுதணும்.”

எழுதினார். கழித்தது அத்தனையும் வட்டியோடு கட்ட வேண்டும். நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காமல் தானாகவே கட்டிவிட்டால் அபராதம் குறையும் என்று வழியும் சொன்னார். கிளம்பும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டே இன்னொன்று சொன்னார். ஏஜென்சி இல்லாமல் அந்தப் பெண்ணுக்கு நேராகச் சம்பளம் கொடுத்தால் இந்த வரி கிடையாது, என் அம்மாவுக்கு அப்படித்தான் ஆள் வைத்திருக்கிறேன் என்றார். பில்லை இப்படி மாற்றிப் போட்டது ஏன் என்று சற்றுமுன் ஏஜென்சியில் கேட்டிருக்கிறேன் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தை புருஷோத்தமனின் காதில் ஏறவே இல்லை.

அவன் மனம் எங்கேயோ போய்விட்டிருந்தது. நேராகச் சம்பளம். இவ்வளவு நாள் இது ஏன் தோன்றவில்லை? ஏஜென்சி எடுத்துக்கொள்கிற பங்கு இல்லை, அதன் மேல் வரி இல்லை. கல்பனாவுக்கு இப்போது கிடைப்பதைவிடக் கூடவே கொடுக்கலாம், அபராதத்தையும் மெல்ல மெல்லக் கட்டிவிடலாம். அப்பா எங்கேயும் போக வேண்டியதில்லை. ஆனந்தியும் கடையைச் சீக்கிரமே சாத்தினாள். வழியில் புருஷோத்தமன் வண்டியை நிறுத்திச் சூடாகப் போண்டா வாங்கிக்கொண்டான். மாட்டிக்கொண்ட நாளில் ஒரு மனுஷன் இவ்வளவு சந்தோஷமாக வீட்டுக்குப் போனதை நான் பார்த்ததில்லை.

அவர்கள் உள்ளே நுழையும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ராஜாக்கண்ணுவைத் தலையணைகள் அண்டக் கொடுத்து உட்கார வைத்திருந்தாள் கல்பனா. கஞ்சிக் கிண்ணமும் கரண்டியும் இளவரசியின் கையில் இருந்தன. எனக்குப் பயமாக இருக்கிறது, நீயே கொடு என்று அவள் எத்தனை சொல்லியும் கல்பனா விடவில்லையாம். இளவரசி அரைக் கரண்டி எடுத்து அப்பாவின் இடது கடைவாயில் விட்டாள். தொண்டை ஏறி இறங்கியது. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினவள் மாதிரி அண்ணனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். ஆடி மாதத்துக்குப் பிறகு அவள் அவனைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

புருஷோத்தமன் போண்டாப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதே விஷயத்தையும் பிரித்தான். இனி ஏஜென்சி வேண்டாம், கல்பனா நேராக நம்மிடமே இருக்கட்டும், சம்பளமும் கூட்டித் தருகிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னான். ஆனந்திக்கு முகம் மலர்ந்தது.

“அப்படியே செய்யலாம்ணா,” என்றாள் இளவரசி. “நான் ஒரு வாரம் இங்கயே இருக்கேன். நாளைக்கும் நைனாவுக்கு நானே குடுக்கறேன். கல்பனா பக்கத்துல நின்னாப் போதும்.”

கல்பனா ராஜாக்கண்ணுவின் வாயோரத்தைத் துண்டால் ஒற்றினாள். துண்டை மடித்தாள். மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தாள்.

“நாளைக்கு நீங்கதாங்க்கா குடுக்கணும்,” என்றாள். “நான் இருக்க மாட்டேன்.”

ஏஜென்சியிலிருந்து மத்தியானமே போன் வந்துவிட்டிருந்தது. வரி ஆபீசிலிருந்து பில்லைப் பற்றிக் கேட்டதில் அவர்கள் பயந்து போயிருந்தார்கள். இந்த வீட்டுக்கு இனி ஆள் கிடையாது, காலையிலேயே வேலூருக்கு வந்து சேர், வேறு வீடு தயாராக இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். அதனால்தான் பயந்தவளின் கையில் கரண்டியைத் திணித்து, போவதற்குள் கற்றுக்கொடுத்துவிடப் பார்த்திருக்கிறாள் கல்பனா. இந்தப் பெண்ணுக்கு என்ன சம்பளம் கொடுத்தால்தான் தகும்?

“நீ போவாத. நான் பேசிக்கறேன் அவங்ககிட்ட,” என்றான் புருஷோத்தமன்.

“என் பத்தாவது சர்டிபிகேட்டு அவங்க பீரோவுல இருக்குதுங்கண்ணா. போவலன்னா குடுக்க மாட்டாங்க. நர்ஸ் அசிஸ்டென்ட் படிப்புல சேர்றதுக்கு எனக்கு அது ஒண்ணுதான் இருக்குது.”

உன் படிப்பு போனால் போகட்டும், எங்கள் அப்பாவைப் பார் என்று எந்த வாயால் சொல்வது? புருஷோத்தமன் சுவரைப் பார்த்தான். அவன் கழித்த வரியும், மாற்றிய பில்லும் சேர்ந்து கடைசியில் அவளையே கழித்துக்கொண்டு போகின்றன. ஆனந்தி போண்டாவை எடுத்து மூடினாள்.

பேச்சுப் போனவருக்குக் காதும் போய்விட்டது என்று எல்லா வீட்டிலும் நினைத்துக்கொள்கிறார்கள். இந்த வீட்டிலும் அப்படித்தான். கட்டிலில் இருப்பவர் இத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தது அவர்களுக்கு உறைக்கவே இல்லை.

கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. இளவரசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கல்பனா காட்டிக் கொடுத்தபடியே அரைக் கரண்டி அளந்து எடுத்து, அப்பாவின் இடது கடைவாய்க்குக் கொண்டுபோனாள்.

ராஜாக்கண்ணு வாயைத் திறக்கவில்லை.